காரை பூசினால் போதுமா, தளத்தையே மாற்ற வேண்டுமா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பழைய வீடுகளில் தவறாமல் கேட்கும் பேச்சு இது: “சீலிங்ல காரை பெயர்ந்து விழுது. ஒரு கொத்தனார் பூசிடலாம்கிறார். இன்னொருத்தர் தளத்தையே இடிச்சுட்டுப் புதுசா போடணும்கிறார். யார் சொல்றதைக் கேட்கிறது?”

பழுது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்காமல் சொன்னால், இரண்டு பேர் சொல்வதுமே ஊகம்தான். பூச்சு சில ஆயிரங்களில் முடியலாம். தளத்தை மாற்றுவது லட்சங்களைக் கேட்கும். பணம் மட்டுமல்ல, அந்தத் தளத்துக்குக் கீழேதான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அதனால் முதலில் தெரிய வேண்டியது, நோய் தோலிலா, எலும்பிலா என்பதுதான்.

காரை ஏன் விழுகிறது?

கான்கிரீட்டின் எலும்பு, உள்ளே இருக்கும் கம்பி. புதுக் கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அதன் பி.ஹெச். அளவு 12, 13 வரை இருக்கும். கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது அந்தக் காரம்தான். வருடக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊற ஊற, இந்த அளவு 9-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதோடு மழை ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை இன்னும் வேகப்படுத்தும்.

துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெட்டித் தள்ளுவதால்தான் கான்கிரீட் வெடித்துக் காரையோடு விழுகிறது. துருவை விட்டுவிட்டு மேலே பூசினால், அடுத்த மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோ அதே இடம் மறுபடி விழும்.

நீங்களே பார்க்கக்கூடியவை

முதலில் தட்டிப் பாருங்கள். நீளமான கம்பின் நுனியால், தளர்ந்த பகுதிக்கு நேர் கீழே நிற்காமல், தள்ளி நின்று மெதுவாகத் தட்ட வேண்டும். தலையில் ஹெல்மெட் இருக்கட்டும். குழந்தைகள் அந்த அறையில் வேண்டாம். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. ‘பொத் பொத்’ என்று வெற்றுச் சத்தம் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று திட்டுகளா, சீலிங் முழுக்கவா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து விரிசல். சிலந்தி வலைபோல மெல்லியதாக ஓடினால், பெரும்பாலும் பூச்சோடு நிற்கிற விரிசல். கம்பி போகும் திசையிலேயே நேர்கோடாக ஓடி, பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே துரு இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது தொய்வு. சுவருக்குச் சுவர் ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். தளம் நடுவில் இறங்கியிருந்தால் அந்த அறையைக் காலி செய்துவிட்டு, உடனே இன்ஜினீயரை அழையுங்கள்.

கம்பி வெளியே தெரிந்தால், துருவைச் சுரண்டிவிட்டு அதன் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் ‘ஒரு மில்லிமீட்டர்தானே’ என்று தோன்றும். கம்பியின் குறுக்குப் பரப்பைக் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட கால்வாசி கரைந்து போயிருக்கும்.

எதற்கு எது?

காரை மட்டும் விட்டுப்போய், உள்ளே கான்கிரீட்டும் கம்பியும் நன்றாக இருந்தால் பூச்சே போதும். ஆனால் மாடியில் நீர்க்கசிவை நிறுத்திய பிறகுதான் பூச வேண்டும்.

சில இடங்களில் மட்டும் துரு, கம்பி அதிகம் தேயவில்லை என்றால் முறையான ரிப்பேர் தேவை. முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை கான்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். துருவை முழுக்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த மார்ட்டரால் அடைக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் கூடுதல் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும்.

தளம் முழுக்க வெற்றுச் சத்தம், பல கம்பிகள் தேய்ந்துவிட்டன, கான்கிரீட் கையில் உதிர்கிறது என்றால், ரிப்பேருக்குக் கொட்டுகிற பணம் வீண். மாற்றுவதே சரி. அதற்கு முன் பீமும் தூணும் புதுத் தளத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா? இன்ஜினீயரிடம் பினாப்தலீன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே திரவம்தான். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால், காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத இடத்தில் கம்பிக்குக் காவல் போய்விட்டது. இந்திய தர விதி ஐ.எஸ். 456-ன்படி சாதாரணச் சூழலிலேயே கம்பிக்கு வெளியே 20 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். கடலோரத்தில் இன்னும் அதிகம். கவர் பிளாக் வைக்காமல் போட்ட தளங்களில் இது பல இடங்களில் இருக்காது.

மாடியில் ஒழுகுகிறது என்று பழைய தட்டோட்டை எடுக்காமலே அதன் மேல் இன்னொரு சிமென்ட் தளம் போடுவதும் நடக்கிறது. 100 சதுர அடிக்கு ஓர் அங்குலக் கனம் போட்டாலே ஏறக்குறைய அரை டன் எடை கூடும். ஏற்கெனவே கம்பி தேய்ந்த தளத்தின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள்.

வேலையை எடுத்துச் செய்யப்போகிறவரே பரிசோதனையும் செய்தால், அவருக்குத் தெரிந்த வேலையைத்தான் சொல்வார். அதனால் வேலைக்குப் போட்டியில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருக்குக் கட்டணம் கொடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிறகு கொத்தனாரிடம் மூன்று கேள்விகள்: எவ்வளவு ஆழம் கொத்துவீர்கள், முட்டு எங்கே கொடுப்பீர்கள், எத்தனை நாள் தண்ணீர் காட்டுவீர்கள்? மூன்றுக்கும் பதில் எழுதி வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.