சீப்பான களிமண், யார் தலையில் செலவு?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சூடாகத்தான் எழுதப் போறேன்.

பிஎஃப்ஏஎஸ் என்று ஒரு ரசாயனக் குடும்பம். நான்ஸ்டிக் வாணலி, தண்ணி ஒட்டாத மழைக்கோட்டு, கறை படாத சோஃபா துணி, தீயணைப்பு நுரை என்று எங்கெங்கோ புகுந்த சாமான். கார்பனும் ஃப்ளோரினும் இறுகக் கட்டிக்கொண்டிருப்பதால் லேசில் சிதையாது. அதில் ஒன்றான பிஎஃப்ஓஏ புற்றுநோய் உண்டாக்கும் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் அறிவித்தது. 2024-ல் அமெரிக்கா, குடிநீரில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு கட்டியது. நம்ம நாட்டில்? 2012-ல் வந்த ஐஎஸ் 10500 குடிநீர்ப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். "களிமண்ணே போதும் சார், ரொம்ப சீப்" என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு. பாதி உண்மை. தண்ணியில் இந்த ரசாயனம் பெரும்பாலும் நெகட்டிவ் மின்னூட்டத்தோடு இருக்கும். பென்டோனைட் களிமண்ணும் நெகட்டிவ். சும்மா கொட்டினால் ஒட்டாது. மேலே வேறொரு ரசாயனம் பூசி பாசிட்டிவ் ஆக்கினால் நன்றாகவே பிடிக்கும். அதிலும் நீளச் சங்கிலி மூலக்கூறுகள் மாட்டும், குட்டைச் சங்கிலிகள் சீக்கிரம் நழுவிடும்.

நான் பி.காம். படிச்சுட்டு பேங்கில் கடன் விண்ணப்பம் பார்க்கிறவன். கெமிஸ்ட்ரி எனக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் யாராவது "சீப்" என்றால் உடனே கேட்பேன்: வாங்குற விலையா, வச்சு நடத்துற செலவா? எந்தப் பொடியும் ஒருநாள் நிறைந்துபோகும். அப்புறம் மாத்தணும். பழசைக் குப்பையில் போட்டால் மழையில் கசிந்து திரும்ப வரும். ஒழுங்காக அழிக்க 1000 டிகிரிக்கு மேல் எரிக்கணும். அந்தச் செலவு எந்த விளம்பரத்தில் இருக்கு?

இந்தப் பாடம் நமக்குப் புதுசில்லை. ஃப்ளோரைடு (அது வேற, பாறையிலிருந்து வருவது) எடுக்க 1990களில் யூனிசெஃப் ஆதரவோடு ராஜஸ்தான், ஆந்திர கிராமங்களில் ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி கொடுத்தாங்க. அருமையான சரக்கு. ஆனால் அவ்வப்போது காரமும் அமிலமும் விட்டுக் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். அதை யார் தொடர்ந்து செய்வது என்பதில்தான் பல இடங்களில் சிக்கல்.

"எங்க வீட்டில் ஆர்ஓ இருக்கே" என்பீங்க. இருக்கட்டும், பிஎஃப்ஏஎஸ்ஸை நன்றாகவே தடுக்கும். தடுத்தது எங்கே போகுது? கழிவுக் குழாய் வழியாகச் சாக்கடைக்கு. பெங்களூரு சாக்கடை எங்கே போகுது? கிழக்குப் பக்கம் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி தாண்டி தென்பெண்ணையில், ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு. மேற்குப் பக்கம் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில், ஒகேனக்கலுக்கு மேலேயே. சாதாரண கழிவுநீர் சுத்திகரிப்பு பிஎஃப்ஏஎஸ்ஸை எடுக்காது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்கு வந்தது? தருமபுரி, கிருஷ்ணகிரி ஜனங்களை ஃப்ளோரைடிலிருந்து காப்பாத்த! அவங்க தண்ணி எடுக்கும் ஆத்துக்குத்தான் இங்கிருந்து அனுப்புறோம்.

என் மச்சினர் குடும்பம் காவேரிப்பட்டணத்தில். பேரில்தான் காவேரி, ஓடுவது தென்பெண்ணை. காவிரியில் தண்ணி விடலைன்னு இங்கே உட்கார்ந்து பொங்குற நாம, நம்ம வீட்டிலிருந்து என்ன விடுறோம்னு ஒரு நாளாவது பேசியிருக்கோமா?

களிமண்ணுக்கு நான் எதிரி இல்லை. அது இருக்க வேண்டிய இடம் நம்ம சமையலறை இல்லை, ரசாயனத்தைப் பயன்படுத்தும் ஆலையின் கழிவு வாசல். பொடி, மாத்துற செலவு, எரிக்கிற செலவு மூணும் அந்த ஆலையின் கணக்கில் ஏறணும். லாபம் அவங்களுக்கு, பொடி வாங்குற பில் நமக்கா? முதலில் அரசு ஒரு வரம்பு வைக்கட்டும். அளவே இல்லாத பொருளுக்கு அபராதம் எப்படிப் போடுவாங்க?

அதுவரை, உங்க அசோசியேஷனில் யாராவது "சீப் ஃபில்டர்" விற்க வந்தால் ரெண்டே கேள்வி எழுத்தில் கேளுங்க. எத்தனை லிட்டருக்கு அப்புறம் மாத்தணும்? பழசை யார் எடுத்துட்டுப் போய் என்ன செய்வாங்க? பதில் இல்லையென்றால் அது சீப் இல்லைங்க. பில்லை ஓசூர்க்காரங்க தலையில் கட்டுற கடன்.