பன்னிரண்டு கொடிகள், ஒரு விசா

ஐரோப்பாவில் படிக்கிற எங்கட நண்பர்களின் இன்ஸ்டகிராமைத் திறந்தால் இப்ப ஒரு எண்ணிக்கை ஓடுது. 'ஒரு செமஸ்டர், பன்னிரண்டு நாடுகள்.' வெள்ளி இரவு பஸ், சனி காலை ப்ராக், ஞாயிறு வியன்னா, திங்கள் எட்டு மணிக்கு விரிவுரை. பெயருக்குப் பக்கத்தில் கொடிகள் வரிசையாக நிற்கின்றன. கொடி கூடக் கூட லைக்கும் கூடுது.

நாங்கள் எழுதுவது இந்தக் கொடி எண்ணும் பழக்கத்துக்கு எதிராக. பயணத்தோடு எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை முதலே சொல்லி வைக்கிறோம். இல்லாட்டி "படிக்கப் போனதுகள் ஊர் சுத்துதுகள்" என்று கலியாண வீடுகளில் இருந்து புறுபுறுக்கிற பெரியாக்கள் எங்களைத் தங்கட ஆக்கள் என்று நினைச்சுவிடுவினம்.

அவர்களுக்கு முதல் பதில். ஜேர்மனியில் படிக்கப் போகிற இலங்கை மாணவர் ஒருவர் வருசத்துக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்டினால்தான் பொதுவாக விசாக் கதையே தொடங்கும். போன பிறகு அதிலிருந்து மாசம் 992 யூரோ எடுக்கலாம். அறை வாடகை, காப்புறுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதுக்குள்ள. போதாததுக்குக் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறார்கள், உணவகத்தில் கோப்பை கழுவுகிறார்கள். அப்படி உழைச்ச காசில் ஒரு சனிக்கிழமை ரயில் ஏறினால் அது ஊதாரித்தனமா? பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய விசயம். ரியூசன் முடிஞ்சு பின்னேரம் ஆறு மணிக்கு வெளியே வந்தாலே அப்பாவோ அண்ணனோ மோட்டார் சைக்கிளோடு நிற்கிற ஊரில் வளர்ந்தவள், முன்பின் தெரியாத நகரத்தில் இரவு பதினொரு மணிக்குத் தங்குமிடம் தேடித் தனிய நடக்கிறாள். அந்த இரவைப் பற்றி வீட்டில் முழுசாகச் சொல்லமாட்டாள். சொல்லாட்டியும் அது அவளுடைய இரவு. அதை அவளிடமிருந்து பறிக்க ஒருத்தருக்கும் உரிமை இல்லை.

இப்ப கொடிக்கு வருவம். ஏன் எண்ணுகிறோம்?

அதே வகுப்பில் படிக்கிற பெல்ஜியப் பெடியன் எண்ணுவதில்லை. இந்த வருசம் லிஸ்பனுக்குப் போக முடியாட்டி அடுத்த வருசம் போவான். நாற்பது வயதில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும் போவான். எங்கட பிள்ளைகளுக்கு அந்த அடுத்த வருசம் இல்லை. படிப்பு முடிந்து வதிவிட அனுமதி காலாவதியானால் கதவு பூட்டிவிடும். பிறகு அதே லிஸ்பனைப் பார்க்க வங்கிக் கூற்று, வேலைக் கடிதம், ஹோட்டல் பதிவு, காப்புறுதி என்று கட்டுக்கட்டாகக் காகிதம் கொடுத்து, இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டி, வருமோ வராதோ என்று காத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு வருசத்துக்குள் எல்லாத்தையும் பார்த்து முடிக்கிற அவசரம். இதைப் பேராசை என்று ஏசுவது அநியாயம். அந்த அவசரத்தை உண்டாக்கினது விசா.

எங்கட சண்டை அடுத்த படியில்தான் தொடங்குது. அவசரமும் பயமும் போட்டோவில் வரும்போது சுதந்திரமாக மாறிவிடுகின்றன. 'எல்லைகள் இல்லாத வாழ்க்கை' என்று கீழே ஒரு வரி வேறு. எல்லை இருப்பதால்தான் இப்படி ஓடவேண்டி இருக்கு. படத்தில் எல்லையே இல்லை.

இதை யார் பார்க்கிறது? கிளிநொச்சியிலும் அக்கரைப்பற்றிலும் ஹற்றனிலும் ஏ.எல் எழுதிவிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிமார். 2022 நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போகிறது தவிர வேறு வழி தெரியாமல் நிற்கிற பிள்ளைகள். ஊருக்கு ஊர் முகவர் நிலையங்கள் இருக்கின்றன, எல்லாத்தின் பதாகையிலும் ஈபிள் கோபுரம் இருக்குது. அந்தப் பதாகையை யாரும் முழுசாக நம்புவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் படத்தை நம்புவார்கள். காணி உறுதியை ஈடு வைக்கிற அப்பாவிடம் அந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள். நீங்கள் காசு வாங்காமல் செய்கிற விளம்பரம் அது.

சரி, அந்தச் சனிக்கிழமைப் பயணத்தைச் சாத்தியமாக்குகிற காகிதத்தைப் பார்ப்பம். 1985 ஜூன் 14ஆம் திகதி பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஐந்து நாடுகள், மோசெல் ஆற்றில் ஒரு கப்பலில் வைத்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கரையில் இருந்த லக்சம்பேர்க் கிராமத்தின் பெயர் ஷெங்கன். இன்றைக்கு அதில் 29 நாடுகள். இவற்றில் ஒன்றின் வதிவிட அனுமதி உங்களிடம் இருந்தால், மற்ற நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். இங்கிலாந்தும் அயர்லாந்தும் இதில் சேராது. உங்கட பன்னிரண்டு கொடிக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விதிதான்.

இதே ஜேர்மனியில் தஞ்சம் கேட்டு முகாமில் இருக்கிற ஒருவரை எடுங்கோ. ஆரம்ப மாதங்களில் அனுமதி இல்லாமல் தன் மாவட்டத்தைத் தாண்டவே அவருக்கு ஏலாது. பக்கத்து ஊரில் இருக்கிற மச்சானைப் பார்க்கவும் கடிதம் வேணும். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு நீலநிறப் பயண ஆவணம் கிடைக்கும். அதைக் கொண்டு பல நாடு போகலாம், தப்பி வந்த சொந்த நாட்டுக்கு மட்டும் போக ஏலாது. நீங்கள் ஏறுகிற அதே பிளாட்போமில் இந்த மூன்று பேரும் நிற்கிறார்கள். ஒருவருக்கு பன்னிரண்டு நாடு, ஒருவருக்கு ஒரு மாவட்டம், ஒருவருக்கு அம்மாவின் செத்தவீட்டைத் தவிர எல்லாம்.

மாணவர்கள் விரும்பிப் போகிற ஒரு வீக்கெண்ட் பாதையைச் சொல்லுறம். பிரான்சின் நீஸ் நகரத்திலிருந்து கடற்கரையோரமாக மொனாக்கோ, மென்டன், பிறகு இத்தாலியின் வென்டிமிலியா. ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. ஒரு நாளில் மூன்று கொடி. வெள்ளிக்கிழமை வென்டிமிலியாவில் பெரிய சந்தை கூடும், பிரான்சுப் பக்கத்துச் சனம் பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பும். அதே ரயில் பிரான்சுக்குள் நுழைந்து மென்டன் கறவான் ஸ்டேசனில் நிற்கும்போது பொலிஸ் ஏறும். 2015 நவம்பரில் திரும்பத் தொடங்கிய உள் எல்லைச் சோதனையைப் பிரான்ஸ் ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொண்டே வருகுது. சூடானிலும் எரித்திரியாவிலும் இருந்து வந்த பெடியளை இறக்கி இத்தாலிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். ரயிலில் ஏலாதவர்கள் மலைப்பாதையால் போகப் பார்க்கிறார்கள். அந்தப் பாதைக்கு 'மரணக் கணவாய்' என்றுதான் பெயர். முசோலினி காலத்தில் யூதர்களும் பாசிச எதிர்ப்பாளர்களும் தப்பிப் போன அதே வழி. ஜேர்மனியும் 2024 செப்டெம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தால் யாரின் காகிதத்தை முதலில் கேட்பார்கள் என்பது எங்களில் அங்கே படித்தவர்களுக்கு வடிவாத் தெரியும். ஸ்டோரியில் எலுமிச்சை மரமும் நீலக் கடலும் வருது. இந்தச் சோதனை வருவதில்லை.

அடுத்தது பெர்லின். அங்கே போகிற எல்லாரும் செக்பொயின்ற் சார்லியில் நின்று படம் எடுக்கிறோம். அந்தச் சாவடியில் இப்ப இருப்பது ஒரு மாதிரி வடிவம், சுத்திவர நினைவுப்பொருள் கடைகள். அது இருக்கிற தெருவின் பெயர் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராச. அதே தெருவால் வடக்கே நடந்தால் அரை மணித்தியாலத்துக்குள் அதே பெயருள்ள ஸ்டேசன் வரும். எங்கட ஆக்களின் பெர்லின் அந்த ஸ்டேசன்தான்.

1980களின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கிழக்கு ஜேர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். கிழக்கு ஜேர்மனி இடைவழி விசா கொடுத்தது. அங்கிருந்து ஃபிரீட்ரிக்ஸ்ட்ராச ஸ்டேசனுக்கு வந்து, மேற்குக்குப் போகிற நகர ரயிலில் ஏறினார்கள். மேற்குத் தரப்பு அதை ஒரு எல்லையாகவே ஏற்காததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. அந்த ஓட்டையால்தான் எங்கட சித்தப்பாமாரில், மாமாமாரில் எத்தனையோ பேர் உள்ளே போனார்கள். 1985இல் கிழக்கு ஜேர்மனி இலங்கையருக்கு இந்த வழியை இறுக்கியது. அதே வருசம்தான் மோசெல் ஆற்றுக் கப்பலில் மற்றக் கையெழுத்தும். ஒரு பக்கம் எல்லை திறக்கப் பேச்சு, மறுபக்கம் எங்களுக்கு எல்லை பூட்டப் பேச்சு. கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்களைச் சோதித்த மண்டபம் இன்னும் அந்த ஸ்டேசன் பக்கத்தில் இருக்குது. 'கண்ணீர் மாளிகை' என்பது பெர்லின் சனம் வைத்த பெயர். இப்ப நூதனசாலை, உள்ளே போக ஒரு சதமும் தேவையில்லை. எங்கட எத்தனை பேரின் பெர்லின் படங்களில் அது இருக்கு?

முப்பது மணித்தியாலத்தில் ஒரு நகரத்தைப் பிடிக்கப் போகிறவருக்கு இதுக்கு நேரமில்லை. மலிவு விமானத்தில் 'பாரிஸ்' என்று போட்டிருக்கும், இறக்கி விடுவது போவேயில். அங்கிருந்து பாரிசுக்கு எண்பது கிலோமீற்றருக்கு மேலே. போகவர பஸ், வரிசை, நித்திரை எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் மிஞ்சுவது ஒரு கோபுரமும் ஒரு பாலமும். அந்த வேகத்தில் வந்து போகிறவர்களோடு நகரங்களும் பொறுமை இழந்துவிட்டன. வெனிஸ் 2024இல் நெரிசலான நாட்களில் பகல் பயணிகளிடம் 5 யூரோ கேட்கத் தொடங்கியது. அதே வருசம் பார்சிலோனாவில் வீட்டு வாடகை தாங்காத சனம் ஊர்வலம் போய், உல்லாசப் பயணிகள் மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணி அடித்தது.

"எல்லாத்தையும் அரசியலாக்காதேங்கோ, பிள்ளையள் கொஞ்சம் சந்தோசமா இருக்கட்டும்" என்று சிலர் சொல்லுவினம். சந்தோசமாக இருக்கட்டும், அதுக்கு யார் தடை? ஆனால் விசா கிடைப்பதும் கிடைக்காததும் அரசியல் என்று கொழும்பில் தூதரக வாசலில் நிற்கும்போது எங்களுக்கு நல்லாத் தெரியும். விசா ஒட்டின அடுத்த நாள் அது மறந்துபோவது எப்படி? வெளியே நிற்கும்போது அநியாயமாகத் தெரிந்த கதவு, உள்ளே போன பிறகு அழகான கதவாக மாறுவதைத்தான் நாங்கள் கேள்வி கேட்கிறோம்.

ஆகவே எங்கட கோரிக்கைகள் சின்னன். புது நகரம் தேடுவதைக் குறைத்து, போன நகரத்துக்கே இன்னொருக்காப் போங்கோ. இரண்டாம் தரம் போனால்தான் கோபுரம் தவிர மற்றதெல்லாம் கண்ணில் படும். கிட்டத்தில் போங்கோ. லக்சம்பேர்க்கில் 2020 முதல் பஸ், ரயில் எல்லாம் இலவசம், ஷெங்கன் கிராமத்துக்கே காசில்லாமல் போய் அந்த ஆற்றைப் பார்க்கலாம். பாரிசில் ஈபிளைப் பாருங்கோ, பிறகு லா சப்பலுக்குப் போய் ஒரு கடையில் ஆறுதலாக இருந்து சாப்பிடுங்கோ. அங்கே பரிமாறுகிற அண்ணை எந்த எல்லையால், எத்தனை மாசத்தில் வந்தவர் என்று கேளுங்கோ. அவர் சொல்ல விரும்பினால் கேட்டுக்கொண்டிருங்கோ, கமராவை எடுக்காதேங்கோ.

படமும் போடுங்கோ. ஆனால் கொடிக்குப் பதிலாக உண்மைக் கணக்கை எழுதுங்கோ. ரிக்கெட் எத்தனை யூரோ, அந்தக் காசுக்கு எத்தனை மணித்தியாலம் கோப்பை கழுவினது, விசாவுக்கு எத்தனை மாசம் காத்திருந்தது, கையில் இருக்கிற அனுமதி எப்ப முடியுது, வழியில் எத்தனை தரம் மறித்தார்கள், பஸ்ஸிலிருந்து யாரை இறக்கினார்கள். லைக் குறையும். பரவாயில்லை. அதைப் படிக்கிற தம்பியோ தங்கச்சியோ அதுக்குப் பிறகும் வரத்தான் விரும்பினால், வரட்டும். காணி உறுதி ஈட்டுக்குப் போகிறதுக்கு முதல் எல்லாம் தெரிஞ்சுகொண்டு வரட்டும்.