பெட்டியைக் கும்பிடாதீர்கள், பாட்டைக் கேளுங்கள்!

பழைய டாஸ் விளையாட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடியும் விளையாடுகிற பையன்கள் இன்றும் அங்கங்கே இருக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அந்தச் சின்னக் கூட்டத்துக்குள்ளும் ஒரு மடி ஆசாரம் நுழைந்துவிட்டது. ரோலண்ட் எம்டி-32, சவுண்ட் கேன்வாஸ் எஸ்சி-55 மாதிரியான பெட்டியை வெளியிலிருந்து கேபிள் போட்டு இணைத்துக் கேட்டால்தான் அது இசையாம். மென்பொருளில் கேட்டால் டூப்ளிகேட்டாம்!

இதில் பாதி நியாயம் உண்டு. அதை முதலில் ஒத்துக்கொள்வோம். 1983-ல் வந்த மிடி என்பது ஒலிப்பதிவு அல்ல. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தமாக அமுக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான். திருப்பூர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷினுக்குக் கொடுக்கிற டிசைன் ஃபைலில் நூல் இருக்காது, ஊசி எங்கே இறங்க வேண்டும் என்றுதான் இருக்கும். நூல் மட்டமென்றால் பூவும் மட்டம். அதற்காக டிசைன் போட்டவரைத் திட்ட முடியுமா?

அப்படித்தான் ஆனது. 1988-ல் சியரா நிறுவனம் வெளியிட்ட கிங்ஸ் க்வெஸ்ட் 4 விளையாட்டுக்கு வில்லியம் கோல்ட்ஸ்டீன் இசையமைத்தார். எம்டி-32-ல் அது ஒரு சின்ன வாத்தியக் குழு மாதிரி ஒலிக்கும். அந்தப் பெட்டி இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில் 'கீங் கீங்' என்று கேட்டிருக்கும். 1993-ல் வந்த டூம் விளையாட்டுக்கு பாபி பிரின்ஸ் போட்ட இசை எஸ்சி-55-ஐ மனதில் வைத்துச் செய்தது. ஆக, சரியான ஒலியில் கேட்க வேண்டும் என்பதில் சண்டையே இல்லை.

சண்டை அடுத்த படியில்தான். சரியான ஒலி என்றால் அந்தப் பழைய பிளாஸ்டிக் பெட்டியேதானா?

எம்டி-32-க்குள் என்ன இருக்கிறது? ஒரு பிராசசர், சில சிப்புகள், ரோம் நினைவகத்தில் பதிந்த ஒலித் துணுக்குகள். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தானே ஐயா! அது செய்கிற அதே கணக்கை மன்ட் என்ற இலவச மென்பொருள் இன்று சாதாரண லேப்டாப்பிலேயே செய்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1987-ல் எம்டி-32-ன் விலை 695 டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 9,000 ரூபாய். பெரிய சிந்தசைசர் வாங்க வசதியில்லாத, வீட்டில் பழகுகிறவர்களுக்காக ரோலண்ட் விட்ட சிக்கன மாடல் அது. அதைத்தான் இன்று கர்ப்பகிரகத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள்!

கொமரலிங்கத்திலிருந்து போய் திருப்பூரில் ரூம் எடுத்துத் தங்கி, பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் பையன் ஒருவனிடம் "பெட்டி இல்லையென்றால் நீ கேட்டதே இல்லை" என்று சொன்னால் என்ன அர்த்தம்? ஜப்பானில் யாரோ ஏலத்தில் விடும் பெட்டி, அதன் மேல் கப்பல் கூலி, அதன் மேல் சுங்கம். வந்து சேரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. இங்கே 230-ல் சொருகினால் புகைதான். முப்பது வருஷத்துக்கு மேலான கெபாசிட்டர்கள் வேறு. இத்தனைக்கும் கொடுத்த பணத்தில் ஒரு பைசாகூட இசையமைத்தவருக்கோ ரோலண்டுக்கோ போகாது. லாபம் முழுக்கப் பழைய சாமான் கைமாற்றுகிறவருக்கு. இதற்குப் பெயர் ரசனை அல்ல, பதுக்கல் வியாபாரம்.

"ஒரிஜினல் பெட்டியின் இரைச்சல் மென்பொருளில் வராதே" என்பார்கள். இரைச்சலைக் கேட்கவா இத்தனை செலவு? ஒரிஜினலுக்கும் கோளாறு உண்டு. ஆரம்பகால எம்டி-32-க்கு வேகமாகச் செய்தி அனுப்பினால் திணறி, திரையில் பிழை காட்டும். டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைக்கவே தனி வசதி வைத்திருக்கிறார்கள். மலிவான யுஎஸ்பி மிடி கேபிள் வாங்கினால் நீளமான செய்திகள் பாதியில் அறுந்துபோகும். ஒரிஜினலைக் கேட்கவே இத்தனை வைத்தியம்!

நேர்மையான ஆட்சேபம் ஒன்றுதான். மன்ட் ஓட ரோலண்டின் ரோம் ஃபைல் வேண்டும். அது அந்த நிறுவனத்தின் சொத்து, மென்பொருளோடு வராது. உண்மை. ஆனால் டூம் மாதிரி ஜெனரல் மிடி விளையாட்டுகளுக்கு அந்தச் சிக்கலே இல்லை. ஃப்ளூயிட்சிந்தும் இலவச சவுண்ட்ஃபான்ட் ஒன்றும் போதும். நிஜமான பழைய டாஸ் மிஷின் வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ராஸ்ப்பெரி பை என்ற சின்ன போர்டில் எம்டி32-பை என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், அதுவே மிடி கேபிளில் சொருகும் வெளிப் பெட்டியாகிவிடும்.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. எம்டி-32 வந்து நாலு வருஷம் கழித்து, 1991-ல்தான் ஜெனரல் மிடி 128 வாத்தியங்களுக்கு ஒரே வரிசை எண் கொடுத்தது. எம்டி-32-ன் வரிசை வேறு. அதற்கென எழுதிய இசையை எஸ்சி-55-ன் வழக்கமான அமைப்பில் ஓட்டினால் புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் வேறெதுவோ வந்து நிற்கும். விளையாட்டின் செட்டப்பில் எது எழுதியிருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய இந்த ஒன்றைச் செய்யாமல், ஒரிஜினல் பெட்டியிலேயே தப்பான வாத்தியத்தைக் கேட்டுப் பரவசப்படுவதில் என்ன பெருமை?

இசையமைத்தவர் எழுதியது பாட்டை. பெட்டியை அல்ல.