சம்பளத்துக்கு வைரஸ் எழுதுகிறவர்கள்

மாதம் இரண்டு தவணையாகச் சம்பளம். ஆள் எடுக்கவும் இன்டர்வியூ நடத்தவும் தனி ஹெச்.ஆர். பிரிவு. புரோகிராம் எழுத ஒரு குழு, சோதித்துப் பார்க்க இன்னொரு குழு. நன்றாக ஆணி பிடுங்கினால் போனஸ், சொதப்பினால் அபராதம்.

ஏதோ ஐ.டி. கம்பெனி மாதிரி இருக்கிறதல்லவா? இது கோன்ட்டி என்ற ரான்சம்வேர் கும்பல். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது இந்தக் கும்பல் ரஷ்யாவுக்கு ஆதரவாக அறிக்கை விட்டது. சில நாட்களிலேயே அவர்களுடைய உள் அரட்டைகள் பல்லாயிரக்கணக்கில் இணையத்தில் கசிந்தன. மேலே உள்ள விவரமெல்லாம் அதில் வெளியே வந்தவைதான். ஆன்டிவைரஸ்களைக் காசு கொடுத்து வாங்கி, தங்கள் சரக்கு அதில் மாட்டுகிறதா என்று பார்த்த பிறகே வெளியே விட்டிருக்கிறார்கள். குவாலிட்டி கண்ட்ரோல்!

வைரஸ் என்றதும் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன்தான் இன்னமும் நம் நினைவுக்கு வருகிறான். ஒரு காலத்தில் அது உண்மை. 2000 மே மாதம் உலகத்தையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸை மணிலாவில் ஒரு இளைஞர் எழுதினார். இன்டர்நெட்டுக்குக் காசு கட்ட வசதியில்லை, அடுத்தவர் பாஸ்வேர்டை எடுக்கத்தான் எழுதினேன் என்று பல வருடம் கழித்து ஒத்துக்கொண்டார். அன்று பிலிப்பைன்ஸில் இதற்கு ஒரு சட்டம்கூட இல்லை. அந்தப் பையன் இருந்த இடத்தில் இன்று நிர்வாகம், சம்பளப் பட்டியல், லாபக் கணக்கு எல்லாம் வந்துவிட்டன.

எதிர்ப்பக்கம் எப்படி இருக்கிறது? அயர்லாந்தின் அரசு மருத்துவச் சேவையைப் பாருங்கள். 2021 மார்ச் 18 அன்று ஒரு ஊழியர் மெயிலில் வந்த எக்செல் கோப்பைத் திறந்தார். கும்பல் உள்ளே நுழைந்தது. மார்ச் 31 அன்று அந்தக் கணினியின் ஆன்டிவைரஸ் திருடனைப் பார்த்துவிட்டது. ஆனால் அது 'கவனி, தடுக்காதே' என்று செட் செய்யப்பட்டிருந்ததால் கவனித்ததோடு சரி. மே 14 அன்று நாடு முழுக்க மருத்துவமனைக் கணினிகள் முடங்கின. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு வர வேண்டியவர்கள் வீட்டிலேயே காத்திருந்தார்கள்.

கும்பல் கேட்டது சுமார் 2 கோடி டாலர். அரசு தர மறுத்தது. ஆறு நாள் கழித்து அவர்களே சாவியை இலவசமாகக் கொடுத்தும், எல்லாம் சரியாகச் செப்டம்பர் ஆகிவிட்டது. பிறகு வந்த விசாரணை அறிக்கை சொன்ன இன்னொரு விஷயம்: 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-ல் ஓடிய கணினிகள் மட்டும் அங்கே 30,000-க்கு மேல்.

"அதுக்குத்தான் சொல்றோம், லினக்ஸுக்கு மாறுங்க" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவசரப்படாதீர்கள். இதே கும்பல் லினக்ஸுக்கும் சர்வர்களுக்கும் தனிப் பதிப்பு தயாரித்தது. வியாபாரி சந்தை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடை போடுவான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கும்பலுக்கு மால்வேர் என்பது முதலீடு, போட்டால் வருமானம். மருத்துவமனைக்கோ பாதுகாப்பு என்பது வெறும் செலவு. பத்து லட்சம் செலவழித்து ஒன்றுமே நடக்காமல் போனால், அந்த 'ஒன்றும் நடக்காதது' எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வரவாக ஏறாது. அதனால் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். பூட்டு துருப்பிடிக்கிறது.

பூட்டு செய்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ பழைய கணினிகள் விண்டோஸ் 11-ன் நிபந்தனைகளுக்குப் பொருந்தாது. ஒரு கம்பெனி காலம் முழுக்க இலவசமாக ஓட்டை அடைத்துக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயம்தான். ஆனால் பத்து ரூபாய் மாத்திரை அட்டையிலேயே காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும்போது, முப்பதாயிரம் ரூபாய் கணினிப் பெட்டியில் ஏன் இருக்கக் கூடாது?

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறது. 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டாயம். அதன்படி பொதுவாகக் குறைந்தது ஐந்து வருடமாவது தயாரிப்பாளர் பாதுகாப்பு அப்டேட் தர வேண்டும், ஆதரவு எப்போது முடியும் என்பதையும் விற்கும்போதே சொல்ல வேண்டும். எல்லா நாடுகளுக்கும் இது வர வேண்டும். கூடவே, மருத்துவமனை மாதிரி இடங்களில் காலாவதியான கணினியை ஓட்டுவதைக் காலாவதியான மருந்தைக் கொடுப்பதற்குச் சமமாகப் பார்க்க வேண்டும்.

திருடுகிறவன் மாதச் சம்பளத்துக்கு முழுநேர வேலையாகத் திருடுகிறான். காவலை மட்டும் ஓய்வு நேரத்தில் செய்தால் போதுமா? யோசித்துப் பாருங்கள். யோசித்து முடித்ததும், பல நாளாக 'ரிமைண்ட் மீ லேட்டர்' அழுத்திக்கொண்டிருக்கும் அந்த அப்டேட்டையும் ஒரு கை பாருங்கள் :-)