வித்த வீட்டையே வாங்கின கதை

ஓட்டல் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு மாவு சப்ளை பண்ணுகிறவன் மேல் தீராத கோபம். தினமும் லேட். ஒருநாள் பொறுக்க முடியாமல், அவனுடைய கிரைண்டர்கள், ஆட்கள் எல்லாவற்றையும் மொத்தமாக விலைபேசி வாங்கிவிட்டார். "இனிமே மாவு நம்ம கன்ட்ரோல்ல சார்!" என்றார். ஒரு மாதம் கழித்துப் போனேன். மாவு இன்னமும் லேட். என்ன, முன்பு திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தான்.

இதையே அமெரிக்காவில் பல நூறு கோடி டாலரில் செய்திருக்கிறார்கள்.

2024 ஜனவரி 5. போர்ட்லேண்டிலிருந்து அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 கிளம்புகிறது. உள்ளே 177 பேர். சுமார் 16,000 அடி உயரத்தில் 'டமால்!' பக்கவாட்டில் கதவு சைஸுக்கு ஓட்டை. அங்கே நிஜக் கதவு கிடையாது. தேவைப்படாத கதவின் இடத்தை ஒரு பலகை வைத்து அடைத்திருப்பார்கள். அதுதான் பிய்த்துக்கொண்டு போனது. ஓட்டையை ஒட்டிய சீட்டில் அன்றைக்கு யாரும் இல்லை. பக்கத்து வரிசையில் ஒரு பையனின் சட்டையைக் காற்று உருவிக்கொண்டு போயிற்று. எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். உள்ளேயிருந்து பறந்த ஒரு செல்போன்கூட ரோட்டோரம் உடையாமல் கிடைத்தது. (நம்முடையது கட்டிலிலிருந்து விழுந்தாலே கண்ணாடி நொறுங்குகிறது.)

காரணம், பலகையைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டுகள் மாட்டப்படவே இல்லை.

யார் தப்பு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. விமானத்தின் உடம்பைச் செய்தது கான்சாஸில், விசிட்டா நகரத்திலுள்ள ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனி. அதை ரயிலில் ஏற்றி ரென்டனிலுள்ள போயிங் ஃபாக்டரிக்கு அனுப்புவார்கள். (2014-ல் அந்த ரயில் தடம்புரண்டு, மூன்று விமான உடம்புகள் மொன்டானாவில் ஆற்றங்கரைச் சரிவில் உருண்டு கிடந்தன.) ரென்டனில் பார்த்தால் சில ரிவெட்டுகள் சரியில்லை. சரிசெய்ய வந்தவர்கள் ஸ்பிரிட் ஆட்கள். அவர்களுக்காகப் பலகையைத் திறந்தது போயிங் ஃபாக்டரியில். மூடினதும் அங்கேதான். திறந்ததாக ரிஜிஸ்டரில் ஒரு வரி இல்லை. அதனால் போல்ட்டைப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரே கூரை, இரண்டு கம்பெனி.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஸ்பிரிட் போயிங் பெற்ற பிள்ளை! இரண்டாம் உலகப் போரில் பி-29 குண்டுவீச்சு விமானங்களைச் செய்து தள்ளிய விசிட்டா தொழிற்சாலையை போயிங் 2005-ல் சுமார் 90 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. அதுதான் ஸ்பிரிட் என்று பெயர் மாறியது. ஆட்களில் பலரைத் திரும்ப எடுக்கவில்லை. எடுத்தவர்களுக்கும் சம்பளத்தில் வெட்டு.

ஏன் விற்றார்கள்? அந்த நாளில் பெரிய கம்பெனிகளைப் பிடித்து ஆட்டிய கணக்கு ஒன்று உண்டு: லாபத்தைச் சொத்தால் வகு. லாபத்தைக் கூட்டுவது கஷ்டம். சொத்தைக் குறைப்பது சுலபம், ஃபாக்டரியை விற்றால் போதும்! பேப்பரில் கம்பெனி ஒல்லியாக, அழகாகத் தெரியும். போயிங்கிலேயே வேலை பார்த்த ஒரு இன்ஜினியர் 2001-ல் இதை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார். வேலையை வெளியே கொடுத்தால் லாபமும் கூடவே வெளியே போகும், தலைவலி மட்டும் உங்களிடம் தங்கும் என்பது அதன் சாரம். இன்ஜினியர் சொல்லை எந்த அக்கவுண்டன்ட் கேட்டான்?

அப்புறம் போயிங் விலையைக் குறைக்கச் சொல்லி சப்ளையர்களை நெருக்கியது. ஸ்பிரிட்டுக்கு வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கிராக்கி. மாட்டேன் என்று எப்படிச் சொல்லும்? நஷ்டத்தில் ஓடியது.

எதை நாமே செய்வது, எதை வெளியே வாங்குவது? இருபது வயசுச் சொச்சத்தில் ரொனால்ட் கோஸ் என்பவர் இந்தக் கேள்வியைக் கேட்டு 1937-ல் ஒரு கட்டுரை எழுதினார். கடைத்தெருவில் எல்லாம் கிடைக்கும்போது கம்பெனி என்று ஒன்று எதற்கு? பேரம் பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது, ஏமாறாமல் கண்காணிப்பது எல்லாமே செலவுதான். அந்தச் செலவு எல்லை மீறும்போது அந்த வேலையை உள்ளே இழுத்துக்கொள்கிறோம் என்றார். இந்த மாதிரி எழுதியதற்கு நோபல் பரிசு வந்தது 1991-ல். நம் இன்க்ரிமென்ட் தேவலை.

எல்லாவற்றையும் உள்ளே இழுத்தாலும் ஆபத்துதான். ஹென்றி ஃபோர்டு இரும்புச் சுரங்கம், காடு, ரயில் எல்லாம் சொந்தமாக வைத்திருந்தார். போதாதென்று டயருக்கான ரப்பருக்காக அமேசான் காட்டில் 1928-ல் ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு ஊரையே கட்டினார். மரங்களை நெருக்கி நட்டதில் இலைநோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. 1930-ல் சாப்பாட்டு ஹால் ஏற்பாட்டை எதிர்த்துத் தொழிலாளிகள் கலவரமே செய்தார்கள். 1945-ல் பிரேசில் அரசிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஃபோர்டு அந்த ஊரை ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

சரி, போயிங். ஓட்டை விழுந்த ஆறாவது மாதம், 2024 ஜூலையில், ஸ்பிரிட்டைத் திரும்ப வாங்குகிறோம் என்று அறிவித்தார்கள். விலை 470 கோடி டாலர், பங்குகளாக. கடனையும் சேர்த்தால் 830 கோடி. 90-க்கு விற்றது! இதில் ஒரு சிக்கல். ஸ்பிரிட் போட்டிக் கம்பெனி ஏர்பஸ்ஸுக்கும் இறக்கை செய்துகொண்டிருந்தது. எதிர்க்கடைக்காரன் அரைத்த மாவில் ஏர்பஸ் இட்லி சுடுமா? அந்த ஃபாக்டரிகளை ஏர்பஸ் எடுத்துக்கொண்டது. அவை நஷ்டத்தில் ஓடியதால், கொடுத்தது போக வாங்கிக்கொண்டது: 43.9 கோடி டாலர் கையில் கொடுத்து, பெண்ணைச் சீரோடு அனுப்புகிற மாதிரி அனுப்பிவைத்தார்கள்.

2025 டிசம்பரில் எல்லாம் முடிந்தது. விசிட்டாவில் இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் போட்டவர் எவராவது இருந்தால், அவர் போயிங்கில் சேர்ந்து, ஸ்பிரிட்டுக்கு மாறி, மறுபடி போயிங் ஆகியிருப்பார். அதே கேட், அதே ஷெட், அதே ரிவெட் துப்பாக்கி. அடையாள அட்டைக்கு மட்டும் மூன்றாவது தடவையாக போட்டோ எடுத்திருப்பார்கள், கொஞ்சம் வழுக்கையோடு.