பூசலார் எடுத்த கோயில்

"இறைவன் எங்கும் நிறைந்தவன், ஆதலின் நித்திய வழிபாடு எதற்கு?" என வினவும் இளைஞர் பலர். கல்லூரிப் பிரார்த்தனை மண்டபத்தை நீங்கியபின் நம்மிற் பலரும் இவ்வினாவையே சோம்பலுக்குப் போர்வையாக்கினோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

பூசலார் நாயனாரை இதற்குச் சான்று காட்டுவாரும் உளர். காஞ்சியிலே காடவர்கோன் கற்றளி அமைத்த காலத்தில், பொருள் கிட்டாத பூசலார் திருநின்றவூரிலே மனத்தினாற் கோயில் எடுத்தார்; சிவபெருமான் அதனையே முதலிற் சென்றடைந்தார் எனப் பெரியபுராணம் கூறும். மெய்யே. ஆயின் அவர் எடுத்தவாறு யாது? நன்னாள் தேர்ந்து, அடிநிலையிட்டு, இரவினுங் கண்துயிலாது, உறுப்புறுப்பாக நெடுநாள் எடுத்தார். இடையிற் சோர்ந்திருப்பின் அக்கோயில் முற்றுப்பெற்றிராது. அது வழிபாட்டை ஒழித்தவரின் கோயிலன்று; ஒருநாளும் ஒழியாதவரின் கோயில்.

அருவம், உருவம், அருவுருவம் என இறைவனுக்கு மூவகைத் திருமேனி கூறும் நம் சித்தாந்தம். அவனுக்கு நம் பூசையால் ஆவதொன்றில்லை; திருநீறணிந்து ஐந்தெழுத்தோதும் அச்சிறுபொழுது நமக்கே வேண்டப்படுவது. ஓரிடத்தேனும் அவனைக் காணப் பழகாத கண் எவ்விடத்துங் காணாது.

அன்பர்காள், நாளைக் காலை ஒரு கல்லேனும் அடுக்குவோமாக.