பிள்ளையை பிரிப்பதா, குடும்பத்தை தூக்கி நிறுத்துவதா? தோல் பெல்ட்டில் விடை தெரியாத கேள்வி

ஆம்பூர்:
காலை 7 மணிக்கு ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் எந்த கிராமத்து ரோட்டில் நின்றாலும் ஷூ கம்பெனி பஸ்சும் வேனும் வரிசை கட்டி போவதை பார்க்கலாம். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பஸ் ஏறிய அம்மாவுக்கு, பையன் ஸ்கூலுக்கு போனானா, இல்லையா என்பது சாயங்காலம்தான் தெரியும்.

அப்படி ஒரு வீட்டுப் பையன் படிப்பை விட்டுட்டு தோல் குடோனிலோ, மெக்கானிக் ஷாப்பிலோ வேலை பார்க்கும்போது ரெய்டில் சிக்கினால் என்ன ஆகும்? 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்த வேண்டும். ஒரு தலைவர், 4 உறுப்பினர்கள் கொண்ட இந்த குழுவுக்கு மாஜிஸ்திரேட்டு அதிகாரம் உண்டு. 15 நாளில் அவன் வீட்டுக்கு ஆள் போய் விசாரித்து அறிக்கை தர வேண்டும். பையன் வீட்டுக்கா, ஹோமுக்கா என்பது பெரும்பாலும் அந்த அறிக்கையில்தான் இருக்கு.

சிக்கலே இங்கேதான். போகிறவர் எதை தேடிப் போகிறார்?

அப்பா குடிகாரர். வட்டிக்கு வாங்கிய கடன். ஒரே ரூம் வீடு. அம்மா பகலில் வீட்டில் இல்லை. குறையை எழுத 10 நிமிஷம் போதும். தோல் பெல்ட்டில் குறைக்கு என்ன பஞ்சம்?

அதே வீட்டை இன்னொரு கண்ணால் பாருங்க. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுது. அதாவது நாள் முழுக்க வீட்டில் ஒரு பெரியவங்க இருக்காங்க. அம்மா மகளிர் குழு கடனை தவணை தவறாமல் கட்டுது. பக்கத்து தெருவில் தாய்மாமன். பையனுக்கு கணக்கு வரும் என்று சொல்ல ஒரு டீச்சர். இதெல்லாம் அறிக்கையில் ஏறினால் குழுவும் வேறு மாதிரி உத்தரவு போடலாம். காலையில் ஸ்கூலுக்கு அனுப்புவது பாட்டி பொறுப்பு, டியூஷனுக்கு கொண்டு விடுவது மாமா பொறுப்பு, மாதம் ஒரு முறை அதிகாரி வந்து பார்ப்பார் என்று எழுதி, கையெழுத்து வாங்கி பையனை வீட்டுக்கே அனுப்பலாம். வீட்டில் உள்ள பலத்தை வைத்தே பிள்ளையை காப்பாற்றும் முறை என்று இதைத்தான் சொல்றாங்க.

இது ஏதோ தொண்டு நிறுவனத்துக்காரங்க கிளப்பிவிட்ட கதை இல்லை. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே, பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, ஹோமில் சேர்ப்பது கடைசி வழி என்று சொல்கிறது. நியூசிலாந்து இதற்கு 1989-லேயே சட்டம் போட்டது. அங்கே பிள்ளை விஷயத்தில் முடிவெடுக்கும் முன்பு தாத்தா, பாட்டி, அத்தை, மாமா எல்லாரையும் உட்கார வைத்து பேசுகிறார்கள். மாவோரி பழங்குடி பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோனதில் எழுந்த எதிர்ப்புதான் அதற்கு காரணம்.

நம்ம ஊருக்கு இதில் பழைய பாடம் இருக்கு. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் 1990-களில் பீடி முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு பிள்ளையை வேலைக்கு விட்ட கதை பெரியவர்களுக்கு தெரியும். பிள்ளையை மட்டும் மீட்டால் கடன் அப்படியே நிற்கும். அப்புறம் தம்பியோ தங்கையோ போகணும். குழந்தை தொழிலாளர்களுக்கென்று நடந்த சிறப்பு பள்ளித் திட்டமும் 2021-ல் சமக்ர சிக்‌ஷாவோடு சேர்க்கப்பட்டு விட்டது.

பஞ்சாயத்து வேறு, இது வேறு

ஒரு எச்சரிக்கை. சொந்தக்காரர்களை உட்கார வைப்பது என்றதும் நம்ம ஆட்கள் ஊர் பஞ்சாயத்தை நினைப்பார்கள். பெண் பிள்ளைக்கு கொடுமை நடந்தால் மூடி மறைத்து சமாதானம் பேசுகிற பஞ்சாயத்துக்கு இதில் இடமே கிடையாது. அது 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்கு போக வேண்டிய விஷயம். அடிக்கிற அப்பன் இருக்கும் வீட்டில், "பாட்டி நல்லவங்க" என்று எழுதி பிள்ளையை திருப்பி அனுப்பினால் அது பாவம்.

சம்பளமே தடையா?

பணம் இல்லாமல் பலம் மட்டும் பேசினால் பாட்டி என்ன செய்யும்? பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க நிதி ஆதரவு திட்டம் இருக்கு. முன்பு மாதம் 2 ஆயிரமாக இருந்ததை 2022-ல் மிஷன் வாத்சல்யா 4 ஆயிரம் ஆக்கியது. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், உயிர்க்கொல்லி நோயாளி, இவர்களின் பிள்ளைகளுக்கும், சொந்தக்காரர் வீட்டில் வளரும் அனாதை பிள்ளைகளுக்கும் உண்டு.

ஆனால் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72 ஆயிரம், மற்ற இடங்களில் 96 ஆயிரத்தை தாண்டக் கூடாது. கணக்கு போட்டால் கிராமத்தில் மாதம் 6 ஆயிரம், டவுனில் 8 ஆயிரம். புருஷன் செத்த பிறகு ஷூ கம்பெனியில் ஒழுங்காக வேலைக்கு போகிற அம்மா, பி.எப்., இ.எஸ்.ஐ. சீட்டோடு 8 ஆயிரத்துக்கு மேல் வாங்கினாலே தகுதி போச்சு. அவள் நிலையான வேலைதான் அந்த வீட்டின் பெரிய பலம். அதுவே மனுவை தள்ளுபடி செய்ய காரணம் ஆகிறது! வீட்டில் ஜோடி கணக்கில் ஷூ அப்பர் தைக்கும் பெண்ணுக்கோ சம்பள ரசீதே கிடையாது. வருமானச் சான்றுக்கு தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கணும். விலைவாசி ஏறியிருக்கும் இந்த காலத்தில் இந்த உச்சவரம்பை உயர்த்தாமல் குடும்பத்தை பலப்படுத்துகிறோம் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2 ஆயிரம் தரும் அன்பு கரங்கள் திட்டத்தை தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. ஒருவரை இழந்து, இன்னொருவரால் வளர்க்க முடியாத நிலை என்றாலும் அதில் கேட்கலாம்.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாக பிரிந்ததால், ஆம்பூர், வாணியம்பாடிகாரர்கள் திருப்பத்தூருக்கும், வாலாஜா, ஆற்காடுகாரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். பேரணாம்பட்டு, குடியாத்தம் வேலூரிலேயே இருக்கு. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கலாம். ரேஷன் கார்டு, ஆதார், இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஸ்கூலில் படிக்கும் சான்று, பேங்க் பாஸ்புக் நகல் எடுத்துப் போங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளிலும் கொடுக்கலாம். ஆனால் திங்கட்கிழமை ஷூ கம்பெனிக்கு லீவு கிடையாது, ஒரு நாள் கூலி போகும். 1098-க்கு ராத்திரியிலும் போன் போடலாம், காசு கிடையாது.